நல்லவராக இருந்தால் மட்டும் போதாது: அறிவியல், பொறியியல் பணியில் தொழில் அறத்தைக் கடைப்பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில் அறம் பற்றிய வகுப்புகளில் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்பார்கள்: பாலம் இடிந்துவிடும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போடும்படி மேலதிகாரி வற்புறுத்தினால் என்ன செய்வீர்கள்? ‘போடமாட்டேன்’ என்று எழுதி எல்லோரும் மதிப்பெண் வாங்கிவிடுவோம். ஆனால் வேலைக்குப் போன பிறகு அந்தக் கேள்வி அந்த வடிவத்தில் வருவதே இல்லை. வரைபடத்தில் எந்தப் புள்ளிகளைச் சேர்ப்பது, ஒப்பந்ததாரர் கேட்கும் சிறு மாற்றத்துக்கு இன்று மாலைக்குள் சம்மதம் சொல்லலாமா, கட்டுரையில் துறைத் தலைவரின் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சாதாரண அலுவலகக் கேள்வியாகத்தான் அது வந்து நிற்கும். அப்போது அது அறச்சிக்கல் என்றே தோன்றாது.

பெரிய விபத்துகளையும் ஆய்வு மோசடிகளையும் விசாரித்த அறிக்கைகளைப் படித்தால் அவற்றில் கொடியவர்கள் குறைவு. அவசரத்தில் இருந்த நல்லவர்கள்தான் அதிகம். அவர்கள் செய்யாமல் விட்டவை ஒரு கணக்கு, ஒரு குறிப்பு, ஒரு தொலைபேசி அழைப்பு போன்றவை. நெருக்கடி நாளன்று நமக்குத் துணிச்சல் வருமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அன்று நம் கையில் என்ன ஆவணம் இருக்கும் என்பதை மட்டும் இன்றே தீர்மானித்துக்கொள்ளலாம். ஆகவே இந்த வழிகாட்டி பணிப்பழக்கங்களைப் பற்றியது. ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் மாணவருக்கும், முதல் சில ஆண்டுகளில் இருக்கும் பொறியாளருக்கும், இவர்களை மேற்பார்ப்பவர்களுக்கும் உரியது.

படி 1: யாருக்கு முதல் பொறுப்பு என்று வரிசைப்படுத்துங்கள்

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் துறைக்குரிய தொழில்முறைச் சங்கத்தின் அல்லது உரிமம் தரும் அமைப்பின் அறநெறித் தொகுப்பை எடுத்துப் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான் இருக்கும். இன்று பெரும்பாலான பொறியியல் தொகுப்புகளில் முதலில் நிற்பது பொதுமக்களின் உயிரும் உடல்நலமும்தான். நிறுவனம், வாடிக்கையாளர், சக ஊழியர் எல்லாம் அதற்கு அடுத்தே வருகிறார்கள். இந்த வரிசை இயல்பாக அமைந்துவிடவில்லை. அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் 1914இல் தன் முதல் தொகுப்பை ஏற்றபோது, வாடிக்கையாளரிடமும் சக பொறியாளரிடமும் எப்படி நடந்துகொள்வது என்பதே அதில் பெரிதாக இருந்தது. மக்களின் பாதுகாப்பே தலையாயது என்ற விதி 1970களில்தான் வந்து சேர்ந்தது.

தொகுப்பைப் படித்த கையோடு, உங்கள் பணி ஒப்பந்தத்தில் இரகசியக் காப்பு பற்றிய பகுதியையும் படியுங்கள். இரண்டும் எங்கே மோதக்கூடும் என்று குறித்து வையுங்கள். மோதல் வந்த பிறகு படிப்பவர், தனக்குச் சாதகமான வரியைத்தான் தேடுவார்.

அடுத்து, உங்களுக்கு எது தெரியாது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். திறமைக்கு அப்பாற்பட்ட வேலையை ஏற்கக் கூடாது என்பது பெரும்பாலான தொகுப்புகளில் இருக்கும் விதி. மீறப்படுவதும் பெரும்பாலும் இதுவே. அனுபவசாலிகளும் இதற்கு விலக்கில்லை. கனடாவின் கியூபெக் பாலத்துக்கு ஆலோசகராக இருந்த தியோடர் கூப்பர் அந்தக் காலத்தின் பெரும்புகழ் பெற்ற பாலப் பொறியாளர். நடு இடைவெளி 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டப்பட்டபோது, பாலத்தின் சொந்த எடையை முறையாக மறுபடி கணக்கிடவில்லை. தன் முடிவுகளை வேறொரு பொறியாளர் சரிபார்க்கலாம் என்ற யோசனையையும் அவர் ஏற்கவில்லை. 1907 ஆகஸ்ட் 29 அன்று பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் இறந்தார்கள். புகழ் உள்ளவரின் கணக்கைச் சரிபார்ப்பது அவமரியாதை என்று நினைக்கும் இடங்கள் இன்றும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்தால், சரிபார்ப்பைத் தனிநபரிடம் கேட்கும் சலுகையாக வைக்காமல், எல்லோருக்கும் பொதுவான நடைமுறையாக மாற்றச் சொல்லுங்கள்.

படி 2: ஆபத்தான வாக்கியங்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்

அறச்சிக்கல் பெரும்பாலும் சில பழகிய வாக்கியங்களுடன் வரும். ‘இந்த ஒரு தடவை மட்டும்.’ ‘போன முறையும் இப்படித்தான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லையே.’ ‘முதலில் அனுப்பிவிடுவோம், பிறகு திருத்திக்கொள்ளலாம்.’ ‘இதை மின்னஞ்சலில் எழுத வேண்டாம், நேரில் பேசுவோம்.’ கடைசி வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் உடனே நிமிர்ந்து உட்காருங்கள்.

இரண்டாவது வாக்கியம்தான் மிகவும் நயமானது. 1986இல் ஏவிய சற்று நேரத்தில் சிதறிய அமெரிக்காவின் சேலஞ்சர் விண்ணோடத்தை நினைத்துப் பாருங்கள். அதை மேலே உந்தும் திட எரிபொருள் பூஸ்டர் ராக்கெட்டுகளின் பகுதிகளுக்கு இடையே சூடான வாயு கசியாமல் தடுக்க ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் இருந்தன. அவை சற்றும் அரிக்கப்படக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் எதிர்பார்ப்பு. ஆனால் முந்தைய பயணங்களில் அரிப்பு தெரிந்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை என்பதால், அரிப்பு ‘ஏற்கத்தக்க அளவு’ என்று ஆகிவிட்டது. வளையத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அரிந்தது, ஆகவே மூன்று மடங்கு பாதுகாப்பு இருக்கிறது என்றுகூட வாதிட்டார்கள். விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இந்த வாதத்தைக் கடுமையாக விமர்சித்தார். அரிக்கவே கூடாத ஒன்று அரிக்கிறதென்றால் வடிவமைப்பைப் பற்றி நமக்குத் தெரியாத ஏதோ நடக்கிறது என்றுதான் பொருள். அதைப் பாதுகாப்பு எண்ணாக மாற்றிச் சொல்வது கணக்கே அல்ல.

இதற்கு ஒரு எளிய நடைமுறை உண்டு. எதிர்பார்ப்பிலிருந்து விலகிய ஒவ்வொரு முடிவையும் ஒரே கோப்பில் தேதியிட்டுப் பதியுங்கள். ‘ஏற்றுக்கொள்கிறோம்’ என்று முடிவெடுத்தால், எந்தக் காரணத்தால், யார், எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். தேதி முடிந்ததும் விலக்கு தானாகக் காலாவதியாக வேண்டும். காலவரையறை இல்லாத விலக்குதான் சில மாதங்களில் விதியாகிவிடுகிறது.

‘மேலிடத்து உத்தரவு’ என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களில் இருந்த மென்பொருள், கார் புகைச் சோதனையில் இருக்கிறதா சாலையில் ஓடுகிறதா என்று கண்டுபிடித்து, சோதனையின்போது மட்டும் புகைக் கட்டுப்பாட்டை முழுமையாக இயக்கியது. சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு சில மாதிரிகளில் அனுமதித்த அளவைப் போல் 40 மடங்கு வரை வெளியேறியது. 2015இல் விஷயம் வெளியானபோது உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2017இல் அமெரிக்க நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பொறியாளர் ஒருவருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நிரலை எழுதியவருக்கும் சோதித்தவருக்கும், ‘இந்த நிபந்தனை எதற்காக?’ என்று கேட்கும் வாய்ப்பு பலமுறை வந்திருக்கும்.

படி 3: குறிப்பேட்டை வேறொருவர் படிக்கப்போவது போல் எழுதுங்கள்

எல்லாப் படிகளிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பெல் ஆய்வகத்தில் இருந்த யான் ஹென்ட்ரிக் ஷோன், 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மூலக்கூறு மின்னணுவியலில் அடுத்தடுத்து வியக்கவைக்கும் கட்டுரைகளை வெளியிட்டார். வெவ்வேறு பொருள்களில், வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்ததாகச் சொன்ன வரைபடங்களில் இரைச்சல்கூட (அளவீட்டில் தானாக வரும் சிறு ஏற்ற இறக்கங்கள்) அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதைப் பிற இயற்பியலாளர்கள் கவனித்தார்கள். இரைச்சல் என்பது தற்செயலானது. இரண்டு சோதனைகளில் ஒன்றுபோல் வர வழியில்லை. விசாரணைக் குழு மூலத்தரவைக் கேட்டது. முறையான குறிப்பேடு இல்லை. கணினியில் இடம் போதாததால் கோப்புகளை அழித்துவிட்டதாக அவர் சொன்னார். பரிசீலித்த 24 குற்றச்சாட்டுகளில் 16இல் முறைகேடு நடந்ததாக 2002இல் குழு முடிவுசெய்தது.

இதில் அதிகம் பேசப்படாத பாடம் இணையாசிரியர்களைப் பற்றியது. அவர்கள் முறைகேடு செய்யவில்லை என்று குழு சொன்னது. அப்படியானால், இத்தனை பெரிய முடிவுகளின் மூலத்தரவைப் பார்க்கவேண்டும் என்று அவர்களில் ஒருவர்கூட வற்புறுத்தாதது ஏன்? இணையாசிரியர் என்று பெயர் போட்டுக்கொள்ளும் முன், குறைந்தது ஒரு வரைபடத்தையாவது மூலக்கோப்பிலிருந்து நீங்களே மறுபடி வரைந்து பாருங்கள். இதை நம்பிக்கையின்மை என்று யாராவது கோபித்துக்கொண்டால், அந்தக் கோபத்தையும் ஒரு தரவாக எடுத்துக்கொள்ளலாம்.

குறிப்பேட்டுக்கான விதிகள் எளியவை:

1. அன்றன்றே எழுதுங்கள். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது பதிவு ஆகாது.
2. கையால் எழுதுவதானால் பக்க எண் இட்ட, பக்கம் கிழிக்க முடியாத ஏட்டில் மையால் எழுதுங்கள். தவற்றை ஒரே கோட்டால் அடித்து, அடியில் உள்ளது படிக்கும்படி விட்டு, தேதியிடுங்கள்.
3. கருவி தந்த மூலக்கோப்பை மாற்றமுடியாதபடி பூட்டி, இரண்டாவது இடத்தில் நகல் வையுங்கள். திருத்தங்கள் எல்லாம் நகலில்தான்.
4. தோற்ற சோதனைகளையும் எழுதுங்கள். ‘மின்தடையால் பாதியில் நின்றது’ என்பதும் ஒரு பதிவுதான்.
5. தரவைச் செயலாக்கிய நிரலையும் அதன் பதிப்பையும் சேர்த்தே சேமியுங்கள். எக்செல் தாளில் கையால் மாற்றிய ஒரு செல் எத்தனை முடிவுகளைத் தலைகீழாக்கும் என்பதை அனுபவப்பட்டவர்கள் அறிவார்கள்.

ஆய்வகத் தலைவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது மாணவர்களின் ஏடுகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 2018இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்ட், அடுத்த ஆண்டு வெளியான தன் குழுவின் கட்டுரை ஒன்றை 2020 ஜனவரியில் மீளப்பெற்றார். முடிவுகளை மறுபடி பெற முடியவில்லை. முதல் ஆசிரியரின் குறிப்பேட்டைத் தேடியபோது முக்கியமான சோதனைகளுக்கு அந்தந்த நாளின் பதிவுகளும் மூலத்தரவும் இல்லை. அவர் அதைத் தானே பொதுவெளியில் அறிவித்து, போதிய கவனம் செலுத்தவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அதனால் அவர் மதிப்பு குறையவில்லை.

படி 4: காட்டாமல் விடுவதற்கும் காரணம் எழுதுங்கள்

இல்லாத தரவைப் புனைவது, இருப்பதைத் திரிப்பது, பிறர் எழுத்தையோ கருத்தையோ திருடுவது ஆகிய மூன்றுதான் ஆய்வு முறைகேடு என்று பொதுவாக வரையறுக்கிறார்கள். இவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விழும் பள்ளம் தேர்ந்தெடுப்பில் இருக்கிறது.

சேலஞ்சர் ஏவப்பட்டதற்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27 அன்று, பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிரைக் காரணம் காட்டி ஏவுதலைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். அவர்கள் காட்டிய தரவு அவர்களுக்கே உதவவில்லை. வளையங்களில் பாதிப்பு தெரிந்த பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டதால், எந்தப் போக்கும் தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தால் படம் வேறு. சுமார் 19 டிகிரி செல்சியசிலும் அதற்கு மேலும் நடந்த 20 பயணங்களில் 3இல் மட்டும் பாதிப்பு. சுமார் 17 டிகிரியிலும் அதற்குக் கீழும் நடந்த 4 பயணங்களில் நான்கிலுமே பாதிப்பு. விசாரணை ஆணையமே இதைச் சுட்டிக்காட்டியது. மறுநாள் காலை வெப்பநிலை உறைநிலையைவிடச் சற்றுத்தான் மேலே இருந்தது. ஏவிய 73 விநாடிகளில் ஓடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள்.

எச்சரித்தவர்கள் நேர்மையானவர்கள். அவர்களிடம் குறை காண்பது எளிது. ஒரே இரவில், அவகாசமே இல்லாமல் படங்களைத் தயாரித்தார்கள். ஆனால் நேர்மை மட்டும் படத்தைச் சரியாக்காது. ஆகவே அவசரம் வருவதற்கு முன்பே செய்யவேண்டியது இது: எந்தத் தரவுப் புள்ளியை எந்த அடிப்படையில் விலக்குவோம் என்ற விதியைச் சோதனை தொடங்கும் முன் எழுதித் தேதியிடுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதும் விலக்கு விதி, நமக்குப் பிடிக்காத புள்ளிகளைத்தான் கண்டுபிடிக்கும். விலக்கியவற்றை எண்ணிக்கையுடன் கட்டுரையில் சொல்லுங்கள். இருபது ஒப்பீடுகள் செய்து ஒன்றில் மட்டும் பொருளுள்ள வேறுபாடு தெரிந்தால், இருபதையும் குறிப்பிடாமல் அந்த ஒன்றை வெளியிடுவது பொய்க்கு மிக அருகில் இருக்கிறது.

நுண்ணோக்கிப் படங்களில் ஒளியளவை மாற்றுவதானால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் மாற்றுங்கள். ஒரு பகுதியை மட்டும் பளிச்சென்று காட்டினால் அது திரிப்பு. வெவ்வேறு படங்களை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கோடு போடுங்கள்.

படி 5: பெயரும் கையெழுத்தும்

மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிகள் பல துறைகளுக்கும் பொருந்தும். ஒருவர் ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள நான்கும் வேண்டும்: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ விளக்கத்திலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எழுதிய அனைத்துக்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நிதி வாங்கித் தந்தது, கருவியைப் பயன்படுத்த அனுமதித்தது, துறைத் தலைவராக இருப்பது ஆகியவை நன்றியுரைக்கு உரியவை. மறுபுறம், இரவு பகலாகச் சோதனை செய்த மாணவரின் பெயரை விட்டுவிடுவது அப்பட்டமான திருட்டு. யார் பெயர், எந்த வரிசை என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி மின்னஞ்சலில் பதியுங்கள். பாதியில் பங்கு மாறினால் மறுபடி பேசுங்கள். தொடக்கத்தில் பேசினால் சில நிமிடச் சங்கடம்தான். முடிவில் பேசினால் பல ஆண்டுப் பகை.

பொறியியலில் கையெழுத்து இன்னும் கனமானது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதலில் வரைந்தபடி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீண்ட எஃகுக் கம்பி நான்காம் மாடி, இரண்டாம் மாடி ஆகிய இரண்டு நடைபாலங்களையும் தாங்கியிருக்கவேண்டும். நீளம் முழுவதும் மரை போடுவது சிரமம் என்பதால், எஃகு வேலை செய்தவர்கள் அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். கீழ்ப் பாலம் இப்போது மேல்பாலத்திலிருந்து தொங்கியது. மேல்பாலத்தின் இணைப்பில் சுமை இரு மடங்கானது. ஒரு காகிதத்தில் இரண்டு அம்புக்குறிகள் வரைந்து பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம் இது. யாரும் வரையவில்லை, மாறிய வரைபடத்தில் ஒப்புதல் முத்திரை விழுந்தது. முதல் வடிவமைப்பே நகரத்தின் கட்டட விதி கேட்ட வலுவை எட்டவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. பொறுப்பான பொறியாளர்கள் மிசௌரி மாநில உரிமத்தை இழந்தார்கள்.

ஆகவே முத்திரை இடும் முன் உங்களையே கேளுங்கள்: எதைச் சரிபார்த்தேன்? அதன் கணக்குத் தாள் எங்கே? பதில் ‘அவர்கள் பார்த்திருப்பார்கள்’ என்றால் முத்திரையை மேசைக்குள் வைத்துவிடுங்கள். ‘சிறிய மாற்றம்’ என்று வருவதைத்தான் பெரிய மாற்றத்தைவிடக் கூடுதலாகச் சந்தேகிக்கவேண்டும். பெரிய மாற்றத்தைப் பத்துப் பேர் பார்ப்பார்கள்.

படி 6: மனிதர்கள் சோதனைப் பொருளாகும்போது

இங்கே விதிகள் தெளிவாக இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களிடம் உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் வழக்கமான மருந்தான பிறகும் அதைத் தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பங்கேற்பவரின் சம்மதம் இல்லாமல் மனிதர்கள்மேல் சோதனை கூடாது என்ற 1947இன் நியூரம்பர்க் நெறிகள் அதற்கு நடுவிலேயே வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். விதி இருப்பது ஒன்று, அது தங்கள் ஆய்வுக்கும் பொருந்தும் என்று நினைப்பது வேறொன்று.

அறநெறிக் குழுவின் அனுமதி கிடைப்பதற்கு முன் ஒரு கேள்வித்தாளைக்கூட யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒப்புதல் படிவம், பங்கேற்பவர் பேசும் மொழியில், அவருக்குப் புரியும் சொற்களில் இருக்கவேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பது முதல் பக்கத்தில் இருக்கவேண்டும். உங்கள் மாணவர்களையோ உங்களிடம் சிகிச்சை பெறுபவர்களையோ பங்கேற்பாளராகக் கேட்காமல் இருப்பது நல்லது. அவர்களால் மறுக்க முடியாது. இணையத்திலிருந்து திரட்டும் மனிதத் தரவுக்கும் இதே மரியாதை வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பது தவறான நம்பிக்கை. பிறந்த தேதி, பால், வசிப்பிடம் மூன்றையும் சேர்த்தாலே பலரை அடையாளம் கண்டுவிடலாம்.

படி 7: பணத்தின் வழியை வெளியே சொல்லுங்கள்

நலமுரண், அதாவது ஆய்வின் முடிவு நம் சொந்த ஆதாயத்தோடு பின்னியிருப்பது, குற்றமில்லை. மறைப்பதுதான் குற்றம். தட்டம்மை உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் 1998 கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. தடுப்பூசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த வழக்கறிஞர் தரப்பிலிருந்து அவர் பணம் பெற்றிருந்தது கட்டுரையில் இல்லை. கட்டுரையை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010இல் அதை மீளப்பெற்றது. மருத்துவராகத் தொழில் செய்வதற்கான பதிவையும் அவர் இழந்தார். தடுப்பூசி அச்சம் இன்றுவரை முழுமையாக நீங்கவில்லை.

நடைமுறை எளிது: பணம், பங்கு, உறவு, காப்புரிமை, எதிர்கால வேலை வாய்ப்பு என்று எது இருந்தாலும் எழுதுங்கள். ‘வாசகர் இதைப் பிறகு வேறு வழியில் தெரிந்துகொண்டால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாரா?’ என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் சொல்லியே ஆகவேண்டும்.

படி 8: எச்சரிக்கை எழுதுவது எப்படி

மீண்டும் கியூபெக். பாலத்தின் அடிப்பகுதி உறுப்புகள் வளைவதைக் கண்ட இளம் பொறியாளர் நார்மன் மெக்லூர், நியூயார்க்கில் இருந்த கூப்பரை நேரில் போய்ப் பார்த்தார். கூப்பர் உடனே புரிந்துகொண்டு, மேலும் சுமை ஏற்றவேண்டாம் என்று தந்தி கொடுத்தார். ஆனால் அது பென்சில்வேனியாவில் இருந்த கட்டுமான நிறுவனத்துக்குப் போனது. பாலத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அன்று மாலையே பாலம் விழுந்தது. எச்சரிக்கை சரி, நேரமும் இருந்தது, முகவரி தவறு.

ஆகவே முதல் கேள்வி: வேலையை நிறுத்தும் அதிகாரம் இப்போது யார் கையில் இருக்கிறது? அவருக்கு எழுதுங்கள். உங்கள் மேலதிகாரிக்கு நகல் அனுப்புங்கள்; அவரைத் தாண்டிப் போவதானால் அதை அவரிடமே சொல்லிவிட்டுப் போங்கள். உயிராபத்து உடனடியானது என்றால் முதலில் தொலைபேசி, பிறகு எழுத்து.

மடல் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். தொனி இப்படி இருக்கலாம்:

‘மார்ச் 4 அன்று சோதித்த 5 வால்வுகளில் 2, இயக்க அழுத்தத்திலேயே கசிந்தன. சோதனைப் பதிவை இணைத்துள்ளேன். காரணம் இன்னும் தெரியவில்லை. அடைப்பு வளையத்தின் புதிய தொகுதியாக இருக்கலாம். இதே தொகுதி அடுத்த வாரம் அனுப்பப்பட உள்ளது. கசிந்தால் இயக்குபவருக்குத் தீக்காயம் ஏற்படும். அனுப்புவதை நிறுத்தி, பழைய தொகுதியோடு ஒப்பிட்டுச் சோதிக்கப் பரிந்துரைக்கிறேன். மூன்று நாள்கள் போதும். புதன்கிழமை மாலைக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

கண்டது, தெரியாதது, விளைவு, பரிந்துரை, கெடு. யார்மீதும் பழி இல்லை. நோக்கத்தைப் பற்றிய ஊகமும் இல்லை. ‘கவலையளிக்கிறது’ போன்ற மெத்தென்ற சொற்கள் எதையும் நிறுத்தியதில்லை. தயோகால் பொறியாளர் ரோஜர் பாய்ஜாலி விபத்துக்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில் எழுதிய குறிப்பில் மனித உயிர்கள் பறிபோகும் பேரழிவு நேரலாம் என்று நேரடியாகவே எழுதினார். அது ஏவுதலை நிறுத்தவில்லை என்பது உண்மை. விசாரணையில் உண்மையை நிலைநாட்டியது அந்தக் காகிதம்தான்.

சேலஞ்சர் ஏவப்பட்டதற்கு முந்தைய இரவுக் கூட்டத்தில் நடந்த இன்னொன்றையும் அறிந்துவைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவுவார்கள். அன்று, ஆபத்தானது என்று நிரூபியுங்கள் என்று பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது. பொறியியல் பிரிவின் துணைத் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றி நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கூட்டத்தில் இப்படி நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறுவதைக் கண்டால், அந்த மாற்றத்தையே சொல்லி நிறுத்துங்கள்: ‘இது பாதுகாப்பானது என்பதற்கான தரவு நம்மிடம் இல்லை. அதைக் குறிப்பில் பதியவேண்டும்.’

பதில் வராவிட்டால் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறுங்கள்: மேலதிகாரி, அவருக்கு மேலே இருப்பவர், நிறுவனத்தின் பாதுகாப்பு அல்லது அறநெறிப் பிரிவு, உரிமம் தரும் அமைப்பு, அரசின் ஒழுங்குமுறை அமைப்பு. பத்திரிகைக்குப் போவது கடைசிப் படி. நிறுவனத்துக்கு வெளியே போகும் முன் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்; உள்ளிருந்து எச்சரிப்பவர்களுக்கான சட்டப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மிகவும் மாறுபடுகிறது. நிறுவனத்தின் இரகசிய ஆவணங்களை வீட்டுக்கு அள்ளிச் செல்லாதீர்கள். யாரிடம் எப்போது என்ன சொன்னீர்கள் என்ற உங்கள் சொந்தப் பதிவு மட்டும் உங்களிடம் இருக்கட்டும். விலை இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆணையத்திடம் உண்மையைச் சொன்ன பிறகு பாய்ஜாலி சக ஊழியர்களால் ஒதுக்கப்பட்டு, அந்த வேலையையே விட்டார். முடிந்தால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு கையெழுத்து உள்ள கடிதத்தை ஒதுக்குவது கடினம்.

படி 9: தவறு உங்களுடையது என்றால்

நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடம் 1977இல் முடிந்தது. அதன் கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர், ஒரு மாணவர் எழுப்பிய கேள்வி தன்னை மறுபடி கணக்குப் பார்க்கத் தூண்டியதாகப் பின்னர் சொன்னார். மூலைவாட்டில் வீசும் காற்று சில உறுப்புகளில் கூடுதல் விசை தரும். பற்றவைக்கவேண்டிய இணைப்புகளோ போல்ட்டு போட்டு முடிக்கப்பட்டிருந்தன. 1978இல் அவர் உரிமையாளர்களிடம் போய்ச் சொன்னார். இரவுகளில் ஆள்களை வைத்து இணைப்புகளின்மேல் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள்.

பாடநூல்கள் அவரை வீரராகக் காட்டுகின்றன. என் பார்வையில் பாதிதான் சரி. தன் பெயரும் தொழிலும் போகலாம் என்று தெரிந்தும் சொன்னது பெரிய செயல். ஆனால் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கும் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் ஆபத்தின் அளவு சொல்லப்படவில்லை. 1995இல் பத்திரிகையில் வெளியாகும்வரை பொதுமக்களுக்குத் தெரியாது. மற்றப் பொறியாளர்களும் அதுவரை அதிலிருந்து கற்றுக்கொள்ள முடியவில்லை. உரிமையாளரிடம் சொல்வது தொடக்கம். ஆபத்தில் இருப்பவரிடம் சொல்வதும் கடமை.

சிறிய அளவில் வரிசை இதுதான்: பயன்பாட்டை நிறுத்துங்கள், பாதிக்கப்படக்கூடியவர்களிடம் சொல்லுங்கள், பிறகு காரணத்தை ஆராயுங்கள். காரணம் முழுதாகத் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் வழக்கமான தவறு. கட்டுரையானால், முடிவை மாற்றாத பிழைக்குத் திருத்தம் போதும். முடிவே நிற்காது என்றால் இதழுக்கு நீங்களே எழுதி மீளப்பெறுங்கள்.

படி 10: எச்சரிக்கை உங்களிடம் வந்தால்

ஒருநாள் நீங்களும் மேசையின் மறுபக்கம் உட்காருவீர்கள். தெராக்-25 என்ற கதிரியக்கச் சிகிச்சைக் கருவி 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைத் தந்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கி, மென்பொருளையே நம்பியிருந்தார்கள். மருத்துவமனைகள் புகார் சொன்னபோது, அப்படி நடக்கவே முடியாது என்பது தயாரிப்பாளரின் பதிலாக இருந்தது. டெக்சஸின் டைலர் நகரில் முதல் விபத்துக்குப் பின் வந்த பொறியாளர்களால் பிழையை மறுபடி நிகழ்த்த முடியவில்லை. கருவி பயன்பாட்டுக்குத் திரும்பிய சில நாள்களில் அடுத்த நோயாளி பாதிக்கப்பட்டார்.

எச்சரிக்கை வந்ததும் முதலில், கிடைத்தது என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். யார் ஆராய்வார், எந்தத் தேதிக்குள் என்று அதிலேயே சொல்லுங்கள். ஆராயும் பொறுப்பை, பிழை செய்திருக்கக்கூடியவரிடமே தராதீர்கள். ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுதிக் கையெழுத்திடுங்கள். எச்சரித்தவரின் அடுத்த பணி மதிப்பீட்டை வேறொருவர் எழுதட்டும். ‘மறுபடி நிகழ்த்த முடியவில்லை’ என்ற அறிக்கை வந்தால் கோப்பை மூடாதீர்கள். அன்று கருவியின் முன் இருந்தவரையே அழைத்து, அவர் வழக்கமாகச் செய்யும் வேகத்தில் செய்யச் சொல்லுங்கள். டைலர் மருத்துவமனையின் இயற்பியலாளர் அதைத்தான் செய்தார். கருவியை இயக்கிய பெண்ணோடு சேர்ந்து மீண்டும் மீண்டும் முயன்றதில், அவர் அனுபவத்தால் பழகிய வேகத்தில் விசைகளைத் தட்டித் திருத்தினால் மட்டும் அந்தப் பிழை வருவது தெரிந்தது. வந்துபோன பொறியாளர்கள் அந்த வேகத்தில் தட்டவில்லை.